பாயை யாரும் தூக்க வேண்டாம்

சலேலோலோகா படகுத் துறை,
வெள்ளிக்கிழமை காலை.

அன்பு மகள் மாசினாவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மருமகன் பெனியும் என் பேரன் ஃபெத்துவும் ஆக்லாந்துக் குளிரில் சளி இருமல் அண்டாமல் சுகமாக இருக்கக் கடவுள் துணை நிற்கட்டும். இங்கே நான் சுகம், உன் அம்மா சுகம், நம் பன்றிகள் எங்கள் இருவரையும்விடச் சுகம். உன் தங்கை லூப்பேயைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தையில் எழுத முடியவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். தொலைபேசியில் பேசினால் என்ன என்பாய். நம் வீட்டுக்குத் தூண்கள் உண்டு, சுவர் கிடையாது என்பதை அந்த ஊருக்குப் போய் மறந்துவிட்டாயா, நான் மெதுவாகப் பேசினால் அடுத்த வீட்டுக்குக் கேட்கும், உரக்கப் பேசினால் அதற்கும் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். ஆகவே பேருந்தைத் துறையில் நிறுத்திவிட்டுப் படகு வரும்வரை ஸ்டியரிங் மேல் தாளை வைத்து எழுதுகிறேன். எனக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவில் வயிறு இருப்பதால் குனியும்போதெல்லாம் ஹாரன் அடிக்கிறது, கிழங்கு விற்கிறவர்கள் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார்கள், அதனால் எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்.

முந்தாநாள் நீ அம்மாவுக்கு அனுப்பிய செய்தியை அவள் கண்ணாடி போடாமல் எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தாள். வெள்ளை ஞாயிறு பிள்ளைகள் பண்டிகைக்கு நாங்கள் வரவில்லை, லூப்பேக்குச் சரியாகட்டும், அடுத்த வருஷம் பார்க்கலாம், லீசி அத்தை எல்லாம் சொன்னாள் என்று எழுதியிருந்தாய். லீசி என்கூடப் பிறந்தவள், எனக்குத் தெரியாதா அவளை. தலைநகர் ஆப்பியாவில் உட்கார்ந்துகொண்டு நம் ஊரில் நடப்பதை நமக்கு முன்னாலேயே தெரிந்துகொள்கிறவள், தெரிந்ததில் ஒரு கைப்பிடி உப்பும் போட்டுத்தான் பரிமாறுவாள். "லூப்பேக்குக் கைக்குழந்தைய கொல்லணும்னு தோணுதாம், உன் புள்ளைய பத்திரமா வச்சுக்கோ" என்று அவள் சொல்லியிருப்பாள், நீயும் பெற்றவள். உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், என் மானம் போகிற இடங்களையும் விடாமல் எழுதுகிறேன், படித்துவிட்டு முடிவு செய்.

மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தொடங்கியது. நான் பின்பக்கம் கல் அடுப்பு மூட்டியிருந்தேன், கல் நன்றாகச் சிவந்து, கிழங்கும் ஈரப்பலாவும் அடுக்கப் பதமாக இருந்தது. எதிர்வீட்டு லெவாசா பெரியவரின் மருமகள் லோசா, தன் ஐந்து மாதக் குழந்தை சேமியை வழக்கம்போல லூப்பேயின் இடுப்பில் ஏற்றிவிட்டுத் தேங்காய் துருவ உட்கார்ந்தாள். அந்தக் குழந்தை பிறந்ததிலிருந்து தூக்கித் திரிகிறவள் இவள்தான், பெற்றவளிடம் அழுகிறவன் இவளிடம் தூங்கிவிடுவான். அன்று அவனோடு அடுப்பருகே வந்து நின்றாள், கல்லைப் பார்த்தாள், முகம் சாம்பலாகிவிட்டது. நேரே போய்க் குழந்தையை லோசாவின் மடியில், தேங்காய்த் துருவலுக்கு மேலேயே, வைத்துவிட்டுக் கடற்கரைப் பக்கம் ஓடினாள். பசி மயக்கம் என்று நான் நினைத்தேன், எனக்கு எதைப் பார்த்தாலும் பசி என்றுதான் தோன்றும். பின்னால் அவளே சொன்னாள், அன்று அவள் மண்டைக்குள் வந்தது ஒரே ஒரு நினைப்பு, 'இவனை இந்தக் கல்லில் போட்டுவிட்டால்' என்று. அவ்வளவுதான், போடவும் இல்லை, போடவேண்டும் என்ற ஆசையும் இல்லை, ஆனால் வந்த நினைப்பு போகமாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டது. பதினோரு வயதுப் பிள்ளை இதை யாரிடம் சொல்லும், சொன்னால் ஜெயிலில் போடுவார்கள், நரகத்தில் போடுவார்கள் என்று தனியாகவே சுமந்துகொண்டு திரிந்திருக்கிறாள்.

எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் வால்தான், தலை தெரியவில்லை. முதலில் என் வெட்டுக்கத்தி காணாமல் போனது. மூன்று நாள் தேடினேன், உன் தாய்மாமன்தான் எடுத்திருப்பான் என்று ஊர் முன்னால் சத்தம் போட்டேன், கடைசியில் வாழையடியில் மண்ணுக்குள், இவளுடைய பள்ளிக்கூடச் சட்டையில் சுற்றியபடி கிடைத்தது. மாமனிடம் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை, போன வருஷம் தொலைந்த மண்வெட்டி அவனிடம்தான் இருக்கிறது என்பதால் மனசு வரவில்லை. பிறகு சேமி இருக்கும் பக்கமே போகமாட்டேன் என்றாள். அப்புறம் ஒரு சாயங்காலம், ஜெபம் முடிந்த கையோடு, "அம்மா, நான் சேமிய ஒண்ணும் பண்ணலதானே" என்று கேட்டாள். உன் அம்மா "இல்லடி, நீ என்ன பண்ணே, பாவம்" என்றாள். ஐந்து நிமிஷம் போனால் அதே கேள்வி. "மறந்துபோயி பண்ணியிருந்தேன்னா" என்று ஒரு கேள்வி. "போயி அவன் மூச்சு விடறானான்னு பாத்துட்டு வாம்மா" என்று அழுகை. உன் அம்மா ஒரே சாயங்காலத்தில் பதினோரு தடவை எதிர்வீட்டுக்குப் போய்க் குழந்தையின் மூக்கில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு வந்தாள். லோசா பயந்துபோய், "அக்கா, தத்துக் கேக்கறதா இருந்தா நேரா கேளுங்க, இப்படி மாடு பாக்க வர்ற மாதிரி வந்து வந்து பாக்காதீங்க" என்றாளாம்.

இதெல்லாம் நம் வீட்டோடு நின்றது. ஜூன் மாதம் ஒரு திங்கட்கிழமை நான் பேருந்தைக் கிளப்ப எழுந்தபோது லூப்பேயின் படுக்கை காலி. மெத்தைக்கடியில் உன் அம்மா சுருட்டி வைத்திருந்த மெல்லிய பாய், உன் கல்யாணத்தில் வந்ததில் மிச்சம் வைத்தாளே அந்தப் பெரிய பாய், அதையும் காணோம். விடிகிற வெளிச்சத்தில் பார்த்தால் லெவாசா வீட்டு முன்னால் புல்தரையில் பாய் ஒரு குட்டிக் கூடாரம்போல இருக்கிறது, அதற்கடியில் இரண்டு சின்னப் பாதம். அந்த மாதிரி உட்காருவது எதற்கென்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வண்டி ஏற்றி ஒருவனைக் கொன்றவனின் குடும்பம் உட்காரும், கத்தி தூக்கியவனின் குடும்பம் உட்காரும், பாதிக்கப்பட்டவர்கள் வந்து பாயைத் தூக்கினால் மன்னிப்பு, தூக்காவிட்டால் பகை. நம் குடும்பத்தில் என் தாத்தா காலத்துக்குப் பிறகு யாரும் உட்காரவில்லை. இப்போது பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புப் படிக்கிறவள் போய் உட்கார்ந்திருக்கிறாள்.

லெவாசா பெரியவரை உனக்குத் தெரியும், குளிக்கப் போகும்போதுகூடச் சபைக்குப் போகிற மாதிரி நடக்கிறவர். அவர் பாயைப் பார்த்ததும் நல்ல துணி மாற்றிக்கொண்டு, தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, வெளியே வந்து, முழுப் பேச்சும் பேசினார், நம் வம்சம், அவர் வம்சம், மலை, கடல், ஆண்டவர் எல்லாம் வந்தது. எதற்காக மன்னிப்பு என்று கேட்பது மரியாதை இல்லை என்பதால் கேட்கவே இல்லை. தன் கையால் பாயைத் தூக்கி, "எல்லாம் முடிஞ்சது கண்ணு, உள்ள வா, கோக்கோ கஞ்சி குடி" என்றார். லூப்பே இரண்டு கோப்பை குடித்துவிட்டுக் குருவிமாதிரி லேசாக வீட்டுக்கு வந்தாள், ஒரு மாதமாகப் பார்க்காத சிரிப்பைச் சிரித்தாள். எனக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது.

ஊர் வேறு கணக்குப் போட்டது. அன்று என் பேருந்தில் ஏறியவர்களெல்லாம் பின்வரிசைக்குப் போய் ஒருவர் மடியில் ஒருவராக அடைந்துகொண்டார்கள், என் பின்னால் நாலு வரிசை காலி. மார்க்கெட்டுக்கு மீன் கொண்டுபோகிற சுல்லா அம்மா மட்டும் பக்கத்தில் வந்து, "யாரை இடிச்சே, என்கிட்டயாவது சொல்லு தம்பி, மனசு லேசாகும்" என்று கேட்டாள். நான் யாரையும் இடிக்கவில்லை என்றால் யார் நம்புகிறார்கள், பிள்ளையை அனுப்பி உட்காரவைத்திருக்கிறான் என்றால் பெரிசாக ஏதோ செய்திருக்கிறான் என்றார்கள். யாரோ போய் லெவாசாவின் பன்றிகளை எண்ணியிருக்கிறார்கள், எல்லாம் சரியாக இருந்திருக்கிறது. பன்றி இல்லையென்றால் பிறகு என்ன, வீட்டில் மருமகள் இருக்கிறாளே என்று பேச்சு அந்தப் பக்கம் திரும்பியது. என் உடம்பையும் வயதையும் பார்த்து எனக்கு இப்படி ஒரு பெருமை தருவார்கள் என்று நான் நினைத்ததே இல்லை. உன் அம்மாதான் சிரிக்கவில்லை, ஒரு வாரம் எனக்கு மீனில் வால் துண்டு மட்டும் விழுந்தது.

சிரித்து முடிப்பதற்குள் புதன்கிழமை விடிகாலை மறுபடி பாய். வெள்ளிக்கிழமை மறுபடி. ஐந்தாம் தடவைக்கு லெவாசாவின் பேச்சு பாதியாகச் சுருங்கிவிட்டது, அவர் மனைவி முதல்நாளே கஞ்சிக்கு அரிசி ஊறப் போட ஆரம்பித்துவிட்டாள். ஒவ்வொரு தடவையும் பாயைத் தூக்கியதும் பிள்ளைக்கு உயிர் வரும், அந்த உயிர் முதலில் இரண்டு நாள் நின்றது, அப்புறம் ஒரு நாள், அப்புறம் மத்தியானம்வரைகூட இல்லை. அந்தச் சமயத்தில்தான் எல்லாவற்றையும் எங்களிடம் சொன்னாள், கல், சேமி, கத்தி எல்லாம், அம்மா மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு. கேட்டதும் உன் அப்பாவின் மூளை வேலை செய்தது, அது வேலை செய்யும்போதெல்லாம் வீட்டுக்கு ஆபத்து. சின்னப் பிள்ளை தனியாக உட்கார்ந்தால் அரைகுறையாகத்தானே இருக்கும், நாம் எல்லோரும் போய் முறைப்படி ஒரே தடவை பெரிசாக உட்கார்ந்துவிட்டால் தீர்ந்துவிடும் என்று முடிவு செய்தேன். ஆப்பியாவிலிருந்து லீசியை வரவழைத்தேன், உன் மாமன், சித்தப்பாக்கள் என்று பதின்மூன்று பேர், மூன்று பாய். நான் குனிந்ததும் என் பாய் இடுப்போடு நின்றுவிட்டது, பாதி மனிதன்தான் மன்னிப்புக் கேட்டான், மீதி ஊருக்குக் காட்சியாக இருந்தது. லீசிக்கு விஷயம் எப்படித் தெரிந்தது என்று யோசிக்காதே, நான்தான் வண்டி வைத்துக் கூட்டிவந்து காட்டினேன்.

ஒன்பது நாள் லூப்பே நன்றாக இருந்தாள், ஊரில் என் நெஞ்சு நிமிர்ந்தது. பத்தாம் நாள் சாப்பாட்டை நிறுத்திவிட்டாள். உன் அம்மா கெஞ்சிக் கெஞ்சிக் கேட்டபோது சொன்னாள், "நான் ஒண்ணும் பண்ணலன்னா அப்பா ஏன் மண்டி போட்டாரு. சித்தப்பா எல்லாம் ஏன் அழுதாங்க. நான் பண்ணியிருக்கேன், நீங்க எல்லாரும் மறைக்கறீங்க." மாசினா, அந்த வார்த்தையைக் கேட்டபோது எனக்கு ஒரு வேடிக்கையும் வரவில்லை. பிள்ளையின் பயத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டது நான். பாஸ்டர் வந்து தலையில் கை வைத்து ஜெபித்தார், அடுத்த ஊர் மருத்துவச்சி இலை அரைத்து நெற்றியில் பூசினாள், இரண்டு பேரும் நல்ல மனசோடுதான் செய்தார்கள், ஆனால் ஒவ்வொருவரும் வந்து போனபின் பிள்ளை "அப்போ எனக்குள்ள என்னமோ இருக்கு" என்றாள்.

மாவட்ட ஆஸ்பத்திரிக்கு ஒருவாரம் விட்டு ஒருவாரம் வியாழக்கிழமை ஃபிலோமேனா என்று ஒரு நர்ஸ் வருகிறாள், மனசுக்குப் பார்க்கிறவள், லூப்பேயை அவளிடம் கூட்டிப்போனோம். முப்பத்தைந்து வயதிருக்கும், கோழி விரட்டுகிற மாதிரிப் பேசுவாள். லூப்பே தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு எல்லாம் சொல்லி முடித்ததும், அவள் மிரளவும் இல்லை, உச்சுக் கொட்டவும் இல்லை, என்னைப் பார்த்து, "அண்ணே, நீங்க பஸ் ஓட்டறவர், லாவாப் பாறை வளைவுல போறப்ப, இப்படியே ஸ்டியரிங்க கடல் பக்கம் திருப்பினா என்னன்னு தோணினது இல்லையா" என்று கேட்டாள். எனக்கு வியர்த்துவிட்டது. இருபத்தெட்டு வருஷமாக அந்த வளைவில் எனக்கு அது வருகிறது, உன் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. ஆமாம் என்றேன். "வந்தா என்ன பண்ணுவீங்க" என்றாள். பாட்டுச் சத்தத்தைக் கூட்டிவைப்பேன் என்றேன், போய்விடும். "அவ்ளோதான். எல்லார் மண்டைக்குள்ளயும் இப்படி கண்ட கழுதையெல்லாம் வந்துபோகும். ஒங்களுக்கு வந்துட்டுப் போகுது, இவளுக்கு மாட்டிக்கிச்சு. குழந்தை மேல ஆசை இல்லாதவளுக்கு இது மாட்டாது, உசுரா இருக்கிறவளுக்குத்தான் மாட்டும். நெனப்பு வேற, செய்யறது வேற" என்றாள். லூப்பே தலையை நிமிர்த்தி என்னையே பார்த்தாள். திரும்பி வரும்போது வழக்கமான இடத்தை விட்டு என் பக்கத்தில் முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டாள், வளைவு வந்ததும், "அப்பா, ரெண்டு கையாலயும் புடி" என்றாள்.

அந்த நர்ஸ் சொன்ன அடுத்த விஷயம்தான் எங்களை நிலைகுலைய வைத்தது. இனிமேல் யாரும் இவளுக்குச் சமாதானம் சொல்லக்கூடாது. நான் ஒன்றும் செய்யவில்லைதானே என்று கேட்டால், இல்லை என்று சொல்லக்கூடாது, குழந்தை மூச்சு விடுகிறதா என்று போய்ப் பார்க்கக்கூடாது, பாயைத் தூக்கக்கூடாது. "நீங்க ஒவ்வொரு தடவை தூக்கறப்பவும், தூக்கினாத்தான் பொழைப்பேன்னு அவ மனசு கத்துக்குது. தூக்காம விட்டுப் பாருங்க, பயம் மேல ஏறும், ஏறி நிக்கும், அப்புறம் தானா எறங்கும். அத அவ தன் கண்ணால பாக்கணும்" என்றாள். லூப்பேயிடமும் ஒளிக்காமல் சொன்னாள், அந்த நினைப்புக்கு ஒரு பேர் வை, வந்தால் வந்துட்டியா உட்காரு என்று சொல்லிவிட்டு உன் வேலையைப் பார் என்றாள். லூப்பே ரொம்ப நேரம் யோசித்து லீசி அத்தை என்று பேர் வைத்தாள். கூப்பிடாமல் வருகிறது, பயங்கரமாகப் பேசுகிறது, கிளம்பவே மாட்டேன் என்கிறது, வேறு என்ன பேர் வைப்பது என்றாள். நர்ஸ் குனிந்து எதையோ எழுதுகிற மாதிரிப் பாவனை செய்தாள். இதை மட்டும் லீசியிடம் சொல்லித் தொலைத்துவிடாதே.

சொல்வது சுலபம், லெவாசாவிடம் போய்ச் சொல்ல வேண்டியவன் நான். பெரிசாக ஒரு டின் பிஸ்கெட் எடுத்துக்கொண்டு போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஐயா, அடுத்த தடவை என் பிள்ளை வந்து உட்கார்ந்தால் நீங்கள் வெளியே வரக்கூடாது என்றேன். மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "டேய் இயோனா, என் வாசல்ல ஒரு கொழந்த பாயைப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கும், நான் உள்ள கஞ்சி குடிச்சுக்கிட்டு இருக்கணுமா. என் அப்பன் என்னை அப்படி வளக்கல. இந்த வீட்டு முன்னால உக்காந்தவன் எவனும் வெயில் ஏறுறவரைக்கும் உக்காந்தது இல்ல" என்றார். நான் கல், சேமி எல்லாவற்றையும் சொன்னேன், அவர் பேரனைப் பற்றிய நினைப்பு என்பதையும் சொன்னேன், சொல்லும்போது உதைப்பாரோ என்று பயம். அவர் லோசாவைக் கூப்பிட்டுக் கேட்டார். அவள், "மாமா, எனக்கும் இவன் பொறந்த புதுசுல அப்படித்தான் வந்துச்சு, தொட்டியில குளிப்பாட்டறப்ப. யாருகிட்ட சொல்றதுன்னு தெரியாம அழுதிருக்கேன்" என்று தரையைப் பார்த்தபடி சொன்னாள். பெரியவர் பிஸ்கெட் டின்னை எடுத்து உள்ளே வைத்தார், அதுதான் சம்மதம்.

ஆகஸ்டு இரண்டாம் வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை. லூப்பேக்கு எல்லாம் தெரியும், தூக்கமாட்டார்கள் என்று தெரிந்தும் போகாமல் இருக்க முடியவில்லை, போய் உட்கார்ந்தாள். லெவாசா வீட்டில் ஓலைத் தட்டிகளை எல்லாம் கீழே இறக்கிவிட்டார்கள். நான் பேருந்தை எடுக்கவில்லை, நானும் உன் அம்மாவும் ஈரப்பலா மரத்துக்குப் பின்னால் நின்றோம், மரம் என்னை மறைக்காது என்று தெரிந்தாலும் நின்றேன். ஆறு மணி, ஏழு மணி. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் நின்று பார்த்தார்கள். சுல்லா அம்மா மீன் கூடையோடு வந்து, "கல்லு மனசுக்காரங்க, ஒரு கொழந்தய இப்படிப் போட்டு வதைக்கறாங்களே" என்று லெவாசா வீட்டைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள், தட்டிக்குப் பின்னால் அந்தப் பெரிய மனிதர் அதையும் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தார். ஏழரைக்குப் பாய் நடுங்க ஆரம்பித்தது. அழுகைச் சத்தம், அப்புறம் "தாத்தா, தூக்குங்க, தாத்தா" என்று. உன் அம்மா ஓடப் பார்த்தாள், நான் அவள் கையைப் பிடித்தேன், என் மணிக்கட்டில் அவள் நகம் பதிந்த தழும்பு இன்னும் இருக்கிறது. என் வாழ்க்கையில் பிள்ளைகளை அடித்திருக்கிறேன், உன்னையும் ஒரு தடவை அடித்தேன், அதெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. தூறல் வந்தது, நின்றது. எட்டரைக்கு அழுகை நின்றது. ஒன்பது மணிக்குக் கொஞ்சம் முன்னால் பாய் அசைந்தது, அவளாகவே தலையிலிருந்து எடுத்தாள், சுற்றிப் பார்த்தாள், ஈரப் பாயை எப்படி மடிக்கவேண்டுமோ அப்படி நிதானமாக மடித்தாள், நொண்டிக்கொண்டே எங்களிடம் வந்தாள். "கால் மரத்துப்போச்சு" என்றாள். உள்ளே போய் ராத்திரி மிச்சமிருந்த கிழங்கைத் தேங்காய்ப்பாலில் தொட்டுத் தின்றாள்.

உடனே குணமாகிவிட்டது என்று எழுதினால் நான் லீசியாகிவிடுவேன். அதற்கப்புறமும் நாலு தடவை உட்கார்ந்தாள், கடைசித் தடவை இருபது நிமிஷம்தான். மூன்று வாரமாகப் பாய் மெத்தைக்கடியில் இருக்கிறது. சில நாள் கேள்வி கேட்டுத் துளைக்கிறாள், நாங்கள் 'இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், வா கிழங்கு உரிக்கலாம்' என்று சொல்கிறோம், சொல்லும்போது உன் அம்மாவின் குரல் உடைகிறது, இருந்தாலும் சொல்கிறாள். போன ஞாயிறு நர்ஸ் கொடுத்த வீட்டுப்பாடத்தின்படி, சூடான கல் அடுப்புக்குப் பத்தடி தள்ளிச் சேமியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். உதடெல்லாம் வெளுத்திருந்தது, ஆனாலும் எழுந்திருக்கவில்லை. அந்தப் பயல் அவள் மூக்கைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான்.

இந்த நிலையில்தான் முந்தாநாள் உன் செய்தி வந்தது. அம்மா படித்து முடித்ததும் லூப்பே கிட்டே வந்து, "அக்கா பாப்பாவக் கூட்டிட்டு வரலைன்னா, அப்போ நான் நெசமாவே ஆபத்தானவதானே அப்பா" என்று கேட்டாள். நான் பதில் சொல்லக்கூடாது, உனக்குத் தெரியும். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்று என் வாயால் என் பிள்ளையிடம் சொன்னேன். அவள் தலையை ஆட்டிவிட்டுப் போய்ப் பாய் இருக்கிற மெத்தைமேல் உட்கார்ந்துகொண்டாள், இரண்டு நாளாகப் பள்ளிக்கூடம் போகவில்லை. அவளை யாரும் ஏசவில்லை, நீயும் ஏசவில்லை, ஆனால் நான் பதின்மூன்று பேரோடு மண்டி போட்டேனே, அதைத்தான் நீ ஆக்லாந்திலிருந்து செய்திருக்கிறாய்.

மாசினா, ஃபெத்துவைக் கூட்டிக்கொண்டு வா. வெள்ளை ஞாயிறுக்கே வா. ஒன்றும் ஆகாது என்று எழுதிச் சத்தியம் செய்து கொடுங்கள் அப்பா என்று நீ கேட்பாய், உன் குரல் எனக்கு இங்கேயே கேட்கிறது. தரமாட்டேன். தந்தால் நாளைக்கு இன்னொரு தடவை கேட்பாய், மறுநாள் இன்னொரு தடவை, நம் வீட்டில் இது எப்படிப் போகும் என்று எனக்கு இப்போது நன்றாகத் தெரியும். ஃபிலோமேனாவின் எண்ணைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன், அவளிடம் எது வேண்டுமானாலும் கேள், அவள் வருஷக்கணக்காக இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பார்த்தவள், நான் பேருந்தை மட்டும் பார்த்தவன். எனக்கும் பயம் இல்லை என்று நினைக்காதே. நீ படகிலிருந்து இறங்கிக் குழந்தையை அவள் கையில் கொடுக்கும்போது என் கண்ணும் அங்கேதான் இருக்கும். இருந்தாலும் கொடு. கொடுத்துவிட்டுப் பக்கத்தில் கையை ஏந்திக்கொண்டு நிற்காதே, பெட்டியை எடுக்கப் போ, மாமியாரைப் பற்றி உன் அம்மாவிடம் குறை சொல், ஏதாவது வேலை பார். நீ ஒரு தங்கைக்கு எப்படிக் கொடுப்பாயோ அப்படிக் கொடு.

படகு ஊதிவிட்டது, சனங்கள் இறங்குகிறார்கள், நிறுத்துகிறேன். பெனிக்கு என் அன்பு, அவனுக்குத் தலைவலி இன்னும் வருகிறதா, கண்ணாடி மாற்றச் சொல். ஃபெத்துவுக்கு வயிற்றில் துணி சுற்றாமல் வெளியே தூக்கிப் போகாதே. கடவுள் உங்கள் மூவரையும் தன் கைக்குள் வைத்துக் காக்கட்டும், உன் வேலையிலும் உன் வீட்டிலும் குறை வராமல் பார்த்துக்கொள்ளட்டும். ஒன்றே ஒன்று மறந்துவிடாதே, வருகிறாயோ இல்லையோ, பதிலை எனக்கு எழுதாதே, உன் அம்மாவுக்கும் எழுதாதே. லூப்பேயின் பேர் போட்டு அவளுக்கே எழுது. வரவில்லை என்றாலும் அதை அவளிடம் நீயே சொல், அவளிடம் அதைச் சொல்லும் வாய் எனக்கு இல்லை.

உன் மேல் உயிராக இருக்கும்,
அப்பா இயோனா